ஒரு வாரம் ஸ்டுடியோவுக்கு வர வேண்டாம்

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படத்தில் பல் தெரியச் சிரிக்கிற பிள்ளை படிக்கிற பிள்ளை இல்லை என்று நான் மனதார நம்பினேன். இதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டியிருந்த படத்தில் நான் துக்கவீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி இருப்பேன். பாஸாகிவிட்டேன். என் பக்கத்து பெஞ்சுக்காரன் அவனுடைய படத்தில் இளித்துக்கொண்டிருந்தான். கணக்கில் ஃபெயில். இந்த இரண்டு முகங்களை வைத்துக்கொண்டு கல்வியைப் பற்றி ஒரு கொள்கையே கட்டி, முப்பது வருடங்களுக்கு மேல் அதை ஒருவரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். என் மகள் போலந்துக்குப் படிக்கப் போனபோதுதான் அது வெளியே வந்தது.

நான் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் க்யூ.சி. வேலை பார்க்கிறேன். யாரோ கஷ்டப்பட்டுத் தைத்த சட்டையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலர் ஒரு நூல் அளவுக்குக் கோணியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். வீட்டில் இந்தத் திறமைக்கு மரியாதை கிடையாது. குழம்பில் குறை சொன்னால் அதற்குக் கொழுப்பு என்று பெயர். ஃபேக்டரியில் நான்தான் ஆஸ்தான கோமாளி. ஷிப்மெண்ட் நெருங்கி எல்லோரும் தலையில் கை வைத்து உட்காரும்போது ஒரு ஜோக்கை எடுத்துவிட்டுத் தையல் லைனை ஓட வைத்துவிடுவேன். அடுத்தவர் பதற்றம் என்றால் எனக்கு நகைச்சுவை தானாக வரும். சொந்தப் பதற்றம் என்றால் இட்லிகூட இறங்காது, அவ்வளவுதான்.

மகள் ஒரே பிள்ளை. இங்கே ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, மேல்படிப்புக்கு செராமிக்ஸ் எடுத்தாள். களிமண்ணைப் பிசைந்து, வனைந்து, சூளையில் சுட்டு எடுக்கிற கலை. அதற்குப் போலந்தில் ஓர் ஆற்றங்கரை ஊரில் இடம் கிடைத்தது. அந்த ஊரின் பெயரில் எழுதியிருக்கிற எழுத்துக்கும் வாயில் வர வேண்டிய ஓசைக்கும் எந்த உறவும் இல்லை என்பதால், நாங்கள் குடும்பத்தோடு அதை 'போலந்து' என்றே சொல்லி முடித்துக்கொண்டோம்.

என் மனைவியின் அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியதும் குடும்பத்தோடு காக்ஸ் டவுன் வந்து சேர்ந்தார். செய்தியைக் கேட்டதும் அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "பான செய்ய எதுக்கு மாப்ளே போலந்து? கொசவருங்க இருக்குற பாட்டரி டவுன் இங்கதான இருக்குது, ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம்" என்றார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனால் மகள் முன்னால் கேட்கும் தைரியம் இல்லாததால், அவர் கேட்டதும் நான் அவரை முறைத்தேன்.

போன புதிதில் அவள் அனுப்பிய முதல் படம் ஸ்டுடியோவில் எடுத்தது. அழுக்கு ஏப்ரன், முழங்கை வரை சேறு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. என் மனைவி அதை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுபோனாள். ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச் வளாகத்தில் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அந்த டீ ஆறுவதற்குள் யார் வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன வாங்கியது, ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்பதெல்லாம் தீர்மானமாகிவிடும். ஃபோன் கைக்குக் கை போயிற்று. பார்த்த பெண்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். இளைத்துவிட்டாள், கறுத்துவிட்டாள், கடல் தாண்டிப் போயும் சித்தாள் வேலையா என்று ஆளுக்கொன்று சொல்ல, என் மனைவி வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மாலையே மகளுக்கு உத்தரவு போயிற்று. இனிமேல் வாராவாரம் சனிக்கிழமைக்குள் ஒரு படம் வர வேண்டும். வெளியில் எடுத்ததாக இருக்க வேண்டும். நல்ல டிரெஸ், சிரித்த முகம். சேறு கூடாது.

படங்கள் வர ஆரம்பித்தன. ஒரு வாரம் படகில் உட்கார்ந்து சிரித்தாள். அடுத்த வாரம் வாடகை சைக்கிள். அதற்கடுத்து மஞ்சள் இலைகளின் மேல் கைகால் பரப்பிப் படுத்திருந்தாள். பிறகு பெரிய கோப்பையில் ஏதோ நுரை. வாரத்துக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு சிரிப்பு. சர்ச்சில் என் மனைவியின் தலை நிமிர்ந்தது. பெண்கள், "எவ்ளோ ஜாலியா இருக்கா பாரு" என்று வியந்தார்கள்.

அப்போதுதான் மச்சான் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் படகுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "சும்னே சொல்றேன் மாப்ளே, தப்பா நெனக்காத. படிக்கப் போன புள்ள மாதிரி தெரியல. சுத்திப் பாக்கப் போன புள்ள மாதிரிதான் இருக்குது" என்றார்.

அவருக்கு வேலை என்றால் சங்கு ஊத வேண்டும். சங்கு ஊதினால் இறங்க வேண்டும், மறுபடி ஊதினால் ஏற வேண்டும். நடுவில் சூரியனைப் பார்த்தால் அது வேலை இல்லை. என் மகளோ ஒவ்வொரு படத்திலும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட்டேன். சிரித்துத் தள்ளியது மறுநாள் என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டது.

காக்ஸ் டவுனிலிருந்து பொம்மனஹள்ளிக்கு வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியும், சில்க் போர்டு சிக்னலில் ஒரு மனிதன் தன் வாழ்க்கையை முழுக்க யோசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து யோசிக்கலாம். மற்றவர்கள் அங்கே பாட்டுக் கேட்கிறார்கள். நான் பயந்தேன். திங்கட்கிழமை மகள் வகுப்புக்கே போவதில்லை என்று பயந்தேன். செவ்வாய்க்கிழமை அந்தப் படகு யாருடையது என்று பயந்தேன். புதன்கிழமைக்குள் ஒரு படகுக்காரப் பையனை நானே உண்டாக்கி, அவனுக்கு மீசை வைத்து, அவன் குடும்பத்தோடு சம்பந்தம் பேசி, பிரியாணியா போலந்துச் சாப்பாடா என்ற சண்டையில் பேச்சை முறித்தும் விட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக் கன்னடத்தில் திட்டிய பிறகுதான் சிக்னல் பச்சையானது தெரிந்தது.

பதற்றத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஜனவரிக் கடைசியில் அவளுக்கு ரெவ்யூ இருந்தது. அரையாண்டு முழுக்கச் செய்த வேலையை மேஜைமேல் பரப்பி வைக்க வேண்டும். ஆசிரியர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் அடுத்த செமஸ்டருக்குப் போக முடியாது, இடமும் கைவிட்டுப் போகலாம். இதை அவளே கிளம்புவதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருந்தாள். அந்த இடத்துக்காக இரண்டு வருடம் முயன்றவள். முதல் வருடம் கிடைக்காதபோது ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதனால் அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அதைப் போய் படகில் விட்டுவிடுகிறாளே என்பதுதான் என் கவலை.

ஃபோனில் அறிவுரை ஆரம்பித்தேன். நேராகச் சொல்ல எனக்கு வராது. ஜோக்கில் சுற்றிக் கொடுத்தேன். படகு ஓட்டுவதற்கும் இப்போது டிகிரி தருகிறார்களா என்று கேட்டேன். சைக்கிள் பாடத்தில் எவ்வளவு மார்க் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் வெளியே போனால்தானே டாடி மூளை ஓடும் என்றாள், எழுதி வைத்துப் படிக்கிற குரலில். அதெல்லாம் டிகிரி வாங்கின பிறகு ஓடட்டும் என்றேன். "சரி டாடி" என்றாள்.

என் மகள் வாக்குவாதம் பண்ணாமல் 'சரி' என்று சொன்னது அவள் பிறந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ என் அறிவுரையின் வலிமை என்று நினைத்து, அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் வந்தது. ஒரு நாள் ஃபேக்டரி கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு, பயப்படுவதற்குப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று அந்தப் படங்களை ஒன்றொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் படத்திலும் மகள் பக்கத்தில் ஒரு போலந்துப் பெண் இருந்தாள். வகுப்புத் தோழி. பிரவுன் ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டில் மேலிருந்து இரண்டாவது பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல ஜாக்கெட், பட்டன் மட்டும் இப்படி, எங்கள் லைனாக இருந்தால் அப்படியே ஆல்டரேஷனுக்கு அனுப்பியிருப்பேன் என்று நினைத்தபடி அடுத்த படத்துக்குப் போனேன். அதிலும் பட்டன் தொங்கியது. அடுத்ததிலும். நூலின் நீளம் அதே. பட்டன் சாய்ந்திருந்த பக்கமும் அதே.

அக்டோபர் படகிலும் நவம்பர் சைக்கிளிலும் டிசம்பர் நுரைக் கோப்பையிலும் ஒரே மாதிரி ஒரு பட்டன் தொங்காது. நான் இந்தத் தொழிலில் முடி நரைத்தவன். தொங்குகிற பட்டன் ஒன்று விழுந்துவிடும், இல்லையென்றால் யாராவது தைத்துவிடுவார்கள். இரண்டு மாதம் அது சும்மா இருக்காது. அதன்பிறகு மற்றதெல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் என் மகள்தான் ஸ்வெட்டர் மாற்றியிருந்தாள். சுற்றியிருந்த யாரும் எதுவும் மாற்றவில்லை. டிசம்பர் படத்திலும் மரத்தில் மஞ்சள் இலை இருந்தது. போலந்தில் அப்போது பனி கொட்டுகிறது என்று என் ஃபோனே தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாமே ஒரே நாளில் எடுத்த படங்கள்.

கண்டுபிடித்ததும் முதலில் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டோர் கீப்பரிடம் காட்டலாமா என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை. அவள் ஊர் சுற்றவில்லை என்றால், இத்தனை வாரமும் எங்கே இருந்தாள்? எதை மறைக்க இந்தச் சிரிப்பு? அதுவரை மகள் சுற்றுகிறாள் என்று பயந்துகொண்டிருந்தவன், அந்த நிமிடத்திலிருந்து அவள் சுற்றவே இல்லை என்று பயப்பட ஆரம்பித்தேன். உடல்நலம் சரியில்லையா, யாராவது ஏமாற்றிவிட்டார்களா, படிப்பையே விட்டுவிட்டாளா. படகுக்காரப் பையனுக்கு மீசை வைத்த அதே மூளைதான். அதற்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வேகம்.

அன்று மாலை வீட்டில் கல்கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வார்கள். இனிப்பு மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரிப்பது. மனைவி கிள்ள, மச்சான் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் மாவுக்கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அங்கே ஃபோனைச் சாய்த்து வைத்து மகளை வீடியோவில் கூப்பிட்டேன். அறையில் இருந்தாள். சீவாத தலை. அங்கே பட்டப்பகல், இவள் நைட்டியில். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த கேள்விகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"உன் ஃபிரெண்டு இன்னும் அந்தப் பட்டன தெக்கலையா பாப்பா?" என்றேன்.

அவள் ஃபோனை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். மனைவி மாவுக் கையோடு ஃபோனைப் பிடுங்கினாள். திரையெல்லாம் மாவு. அந்த மாவுக்குப் பின்னாலிருந்துதான் விஷயம் துண்டு துண்டாக வந்தது.

அக்டோபரில் ஒரே ஒரு சனிக்கிழமை வெளியே போயிருக்கிறாள். போகும்போது பையில் ஸ்வெட்டர்களை அடைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை மாற்றி, ஒவ்வொரு படம் எடுத்து, அம்மாவுக்கு வாரத்துக்கு ஒன்றாக அனுப்பி வந்திருக்கிறாள். வாராவாரம் சிரிக்க அவளால் முடியவில்லை. அதனால் மொத்தமாகச் சிரித்து வைத்துக்கொண்டாள். மற்ற நாளெல்லாம், ஞாயிறு உட்பட, மாணவர்களுக்குக் கொடுக்கிற சாவியால் விடிகாலையில் ஸ்டுடியோவைத் திறந்து உள்ளே போய், இரவில் பூட்டிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் பள்ளிக் காலத்திலிருந்தே பானை வனைகிற சக்கரத்தில் உட்கார்ந்தவர்கள். தான் மட்டும் பின்தங்கியிருப்பதாக அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு மேலே, அப்பா வேறு வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் பண்ணி படகுக்கு மார்க் கேட்டிருக்கிறார்.

நான் கல்கல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பொரிக்காத கல்கல் என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது. துப்பவும் முடியவில்லை.

"டாடி, இன்னொன்னு இருக்குது" என்றாள். "புரொஃபசர் என்னை ஒரு வாரம் ஸ்டுடியோவுக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. எங்கிட்ட இருந்த சாவியவும் வாங்கிக்கினாங்க. அப்பறம் கிறிஸ்துமஸ் லீவு. ரெவ்யூவுக்கு நான் என்னத்த வெப்பேன்?"

மச்சான் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

பெங்களூரில் படித்த எவனுக்கும் 'ஒரு வாரம் வர வேண்டாம்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கே ஒரு தடவை சொன்னார்கள், எட்டாம் வகுப்பில். அதற்கு சஸ்பென்ஷன் என்று பெயர். வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்து, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் கைகட்டி நின்று, இனிமேல் இப்படி நடக்காது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். சாவியைப் பிடுங்கியது இன்னும் மோசம். அது டி.சி. கொடுப்பதற்கு முந்தின படி. என் மகளும் இதே ஊர்ப் பள்ளியில் படித்தவள். அவளுக்கும் அதே அர்த்தம்தான் பட்டிருக்கிறது. என்ன குற்றம் என்று கேட்கக்கூட பயந்து, மூன்று நாளாக அறையில் அடைந்து கிடந்திருக்கிறாள்.

"பேரன்ட்ஸ் போயி பேசணும்" என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். மகள் மட்டும் தனக்கு இருபத்தைந்து வயது, இது பள்ளிக்கூடம் இல்லை, மானம் போகும் என்று கெஞ்சினாள். ஆனால் அவளிடமும் வேறு யோசனை எதுவும் இல்லை. மறுநாளே புரொஃபசரிடம் போய், என் அப்பா உங்களோடு பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா ஆச்சரியப்பட்டாலும் நேரம் கொடுத்தார்கள்.

வீடியோ கால்தான். ஆனாலும் நான் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். டை கட்டினேன். கீழே லுங்கி. கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே தெரியாது என்று எனக்கு ஆபீஸ் அனுபவம். மனைவி கிறிஸ்துமஸுக்கு என்று வைத்திருந்த பட்டுப்புடவையைப் பத்து நாள் முன்னதாகவே உடுத்திக்கொண்டாள். மச்சான் கேமராவில் படாத மூலையில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

திரையில் என் வயதுள்ள ஒரு பெண் வந்தார்கள். நரைத்த தலை, அதில் காய்ந்த களிமண். ஸ்வெட்டரின் முழங்கையில் ஓட்டை. நான் பார்த்தேன், சொல்லவில்லை. பக்கத்தில் என் மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் தயார் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தை எடுத்தேன். நாங்கள் நல்ல குடும்பம், பெண் நல்ல பெண், தவறு நடந்திருந்தால் தகப்பன் என்ற முறையில் வருத்தம் தெரிவிக்கிறேன், படகில் போனது உண்மைதான், ஆனால் ஒரே ஒரு தடவை, அதுவும் படம் எடுக்க மட்டும், இனிமேல் அவள் எந்தப் படகிலும் ஏற மாட்டாள் என்று உறுதி கூறுகிறேன், தயவுசெய்து சாவியைத் திருப்பிக் கொடுங்கள். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா என் மகளைத் திரும்பிப் பார்த்து, என்ன படகு என்று கேட்டார்கள்.

பிறகு மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். உங்கள் மகள் ஒரு தவறும் செய்யவில்லை. வாரக்கணக்கில் ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள். ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சுத்தமாக இருக்கிறது, முன்னதைவிட உயிரில்லாமல் இருக்கிறது. போய் ஓய்வெடு என்று பல தடவை சொன்னேன், தலையாட்டிவிட்டு மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் சாவியை வாங்கினேன். தூங்கட்டும், ஊரைப் பார்க்கட்டும், யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடட்டும். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு மாணவரிடம் இப்படிச் சாவி வாங்க வேண்டியிருக்கிறது, இந்த வருடம் இவள். ஜனவரியில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். ரெவ்யூவுக்கு நேரம் இருக்கிறது.

என் மகள் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். "அப்போ என்னை நிறுத்தலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எதற்கு நிறுத்த வேண்டும் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார்கள்.

மூலையிலிருந்து மச்சான் நிபந்தனையை மீறினார். "இன்னா சொல்றாங்க?"

"தூங்கச் சொல்றாங்க" என்றாள் என் மனைவி.

"யார?"

"பாப்பாவதான்."

அவர் மூலையிலிருந்து எழுந்தார். "அதுக்கு எதுக்கு சாவியப் புடுங்கணும்?" என்றார்.

புரொஃபசர் கடைசியாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். விடுமுறை நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பொய் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. காலையில் சர்ச், மத்தியானம் மட்டன் பிரியாணி, அதற்குப் பிறகு சாயங்காலம் வரை தூக்கம் என்றேன். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு என்று என் மனைவி சேர்த்துக்கொண்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். இதை உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிட்டு, திரையில் எங்கள் மூன்று பேரை மட்டும் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

உழைப்பைப் பற்றி என்னிடம் எத்தனையோ வசனம் தயாராக இருந்தது. பிள்ளையைப் போய்ச் சும்மா இரு என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. எங்கள் வம்சத்தில் யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. டையைத் தளர்த்திவிட்டு யோசித்தேன்.

"போயி சுத்து" என்றேன். "படகு, சைக்கிள், எதுல வேணும்னாலும் போ. நான் கேட்டதெல்லாம் மறந்துடு. பேஜாரா இருந்தா பேஜாரா இருக்குதுன்னு சொல்லு. ரெவ்யூ போனா போவட்டும், நீ வீட்டுக்கு வா, நாம பாத்துக்கலாம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "மம்மி, ஃபோட்டோ?"

என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். "இருக்குற மூஞ்ச அனுப்பு. சர்ச்ல நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு வந்த படம் இதுதான்: தலையணைக் கோடு பதிந்த கன்னம், வீங்கிய கண், ஒரு கண் பாதிதான் திறந்திருந்தது. மனைவி அதைச் சர்ச் வளாகத்தில் துணிந்து எல்லோருக்கும் காட்டினாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டவர்களிடம், "தூங்கி எழுந்திருக்கா" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை நீட்டினாள்.

முதல் சில நாள் அவள் தூங்க மட்டும்தான் செய்தாள். பிறகு அந்தத் தோழியோடு நீச்சல் குளத்துக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்குத் தோழி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டுக் குளியல் தொட்டியில் உயிரோடு ஒரு பெரிய கெண்டை மீன் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. பண்டிகைச் சமையலுக்காக முன்கூட்டியே வாங்கி அப்படி விட்டு வைப்பது அங்கே சிலரிடம் உள்ள பழக்கமாம். மீன் இருக்கும்வரை யாரும் குளிக்க முடியாது. வெட்ட மனம் வராமல் போகும் என்று, அதற்கு யாரும் பெயர் வைத்துவிடாதபடி பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்களாம். இதை அவள் ஃபோனில் சொல்லும்போது இடையில் நிறுத்த முடியாமல் சிரித்தாள். மச்சான் அந்த மீனின் எடையைக் கேட்டார்.

நான் என் பங்குக்கு இன்னொரு முட்டாள்தனத்தை நம்பத் தொடங்கினேன். ஓய்வெடுத்தாள், மீனைப் பார்த்தாள், இனி அந்த மீன் அவள் கைவேலையில் வந்து, ரெவ்யூவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள் என்று சில்க் போர்டு சிக்னலில் முழுப் படமும் ஓட்டிவிட்டேன்.

மீன் வரவில்லை. ஜனவரியில் சாவியை வாங்கிக்கொண்டு போய் அவள் மறுபடியும் கிண்ணங்கள்தான் செய்தாள். முன்பைவிடக் குறைவாகச் செய்தாள். ரெவ்யூவில் அவற்றில் ஒன்று நன்றாக இருக்கிறது என்றார்கள், மற்றவை இன்னும் வர வேண்டும் என்றார்கள். நடுத்தரமான மதிப்பெண்ணோடு பாஸானாள். இரண்டாவது செமஸ்டர் முழுக்க சனியும் ஞாயிறும் அவள் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. அதிலும் பாஸானாள்.